உப்புத் தொடாதவள்

அந்தக் காலத்தில் எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம். வேலை இல்லாதவனிடம் வேறு என்ன இருக்கும்? பள்ளி இறுதிப் பரீட்சை தேறி, உபாத்தியாயர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு, ராசிபுரத்துக்கு மேற்கே அக்காள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். பட்டணத்திலிருந்து தபாலில் வரும் பேய்க் கதைகள், மாயாஜாலக் கதைகள் ஒன்றையும் விடமாட்டேன். படித்து முடித்த கையோடு ஒரு நோட்டில் அந்தப் புத்தகத்தைக் கிழி கிழி என்று கிழித்து எழுதி வைப்பேன். அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படித்ததில்லை. அதனால் என்ன, நாச்சிமுத்து என்று கீழே கையெழுத்துக்கூடப் போட்டுவைப்பேன்.

ஒரு நாவலில் ஒரு மந்திரவாதி. கண்ணில் மை தடவிக்கொண்டால் யாருக்கும் தெரியாமல் மறைந்துபோவான். அப்பேர்ப்பட்டவன் பத்து அத்தியாயம் புதர் புதராக ஒளிந்து திரிகிறான். மை இருப்பது ஆசிரியருக்கே மறந்துவிட்டது என்று எழுதினேன். இன்னொன்றில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜமீன் மாளிகை, சித்திரை மாதம், வெளியே உறைபனி கொட்டுகிறது, கதாநாயகி கணப்பு மூட்டிக் குளிர்காய்கிறாள். எந்த இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து எடுத்தாரோ, ஆட்களின் பெயரை மாற்றியவர் பருவத்தை மாற்றாமல் விட்டுவிட்டார். அந்த மாளிகைப் பேய் கடிகாரம் பன்னிரண்டு அடித்தால்தான் வெளியே வரும். எங்கள் ஊரில் கடிகாரமே கிடையாது. எங்கள் ஊர்ப் பேய்க்கு நேரம் யார் சொல்வார்கள் என்று எழுதி, அதை நானே இரண்டு தரம் படித்துச் சிரித்தேன். இவர்களைவிட நான் நன்றாக எழுதுவேன் என்பதுதான் அந்த நோட்டு முழுவதற்கும் சாரம்.

அக்காள் வீட்டுக்காரர் காளியண்ணன், என் மச்சான், கடலைக்காய் வியாபாரம் செய்தார். தை பிறந்தால் அவருடைய சரக்குக் கிட்டங்கியில் மலைபோல் காய் குவிந்துவிடும். இருபது பெண்கள் சுற்றி உட்கார்ந்து கையால் உரிப்பார்கள். உரிக்கிறவர்கள் பருப்பை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தால் வியாபாரிக்கு என்ன மிஞ்சும்? அதற்காக எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உரிக்கும்போது பாட்டுப் பாட வேண்டும். பாடுகிற வாய் மெல்லாது. யாராவது பாட்டை நிறுத்தினால் மச்சான் மூட்டைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவார்.

அந்த வருஷம் பாட்டை எடுத்துக்கொடுக்கும் முன்பாட்டுக்காரிக்குக் குழந்தை பிறந்து அவள் வரவில்லை. பாட்டு சோர்ந்துபோயிற்று. வாய்கள் அசையத் தொடங்கின. மச்சான் என்னைப் பார்த்து, "மாப்பிள்ள, சும்மாதான கெடக்கறீங்க, அந்தப் பேய்ப் பொஸ்தகத்தை இங்க வந்து படியுங்க. பயத்துல வாயைத் தொறந்தவ மெல்ல மாட்டாளாக்கும்" என்றார்.

எனக்கு வலிக்குமா? மத்தியானத்துக்கு முன்னும் பின்னும் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து படித்தேன். இன்னும் வேலையே கிடைக்காத என்னை அந்தப் பெண்கள் "வாத்தியாருங்க" என்று கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. அவர்களுக்குத் தலைவிபோல் இருந்தவள் அங்காளம்மாள். வாயாடி, ஆனால் நல்லவள். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்பது அவள் தீர்மானம். "மெனக்கெட்டுப் பொய்யைப் போயி யாராச்சும் அச்சடிப்பாங்களா?" என்பாள். நான் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் என் மதிப்பும் கொஞ்சம் குறையும் என்று உள்ளுக்குள் தெரியும்.

முதலில் எடுத்த நாவல், செத்துப்போன ஜமீன்தாரிணி ஒருத்தி மாளிகைக் கோபுரத்துக்குத் திரும்பி வருகிற கதை. சுத்தத் தண்டம். கோபுர உச்சியில் வெள்ளைக் கவுனோடு நின்று பெருமூச்சு விடுகிறாள், அவ்வளவுதான். இரண்டாம் நாளே பெண்கள் கொட்டாவி விட்டார்கள். "ஏனுங்க வாத்தியாரே, பேயி எதுக்குங்க அத்தனை ஒசரம் ஏறுது? கீழ எறங்கி வந்தாத்தானுங்க நம்மளைப் புடிக்கும்?" என்று அங்காளம்மாள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாய்களில் பருப்பு இருந்தது. மச்சான் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கண்ணைப் பக்கத்தின்மேல் வைத்துக்கொண்டே அதில் இல்லாததைப் படிக்க ஆரம்பித்தேன். கோபுரத்தை இடித்துத் தள்ளிவிட்டுப் பேயைக் கடலைக்காட்டுக் கிணற்றுக்குக் கொண்டுவந்தேன். கவுனைக் கழற்றிக் கண்டாங்கிச் சேலை கட்டிவிட்டேன். அவள் பகலில் நம்மைப்போலவே கூலி வேலைக்கு வருவாள், நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்றேன். கிட்டங்கி அடங்கிப்போயிற்று. காய் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. எந்த ஆசிரியருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது என்று மூட்டைமேல் எனக்கு உடம்பு கொள்ளவில்லை.

வித்தியாசம் தெரியாது என்றால் அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? ஓர் அடையாளம் வேண்டும். அதை யோசித்துக்கொண்டேதான் மத்தியானம் அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தபடி நின்றேன். வட்டமாக உட்கார்ந்து அவரவர் கலயத்தைத் திறந்தார்கள். கொட்டாங்குச்சியில் கல்லுப்பு வைத்திருப்பார்கள். அது கை மாறி வரும். வேண்டியவர்கள் வேண்டிய அளவு கம்பங்கூழில் போட்டுக் கரைத்துக்கொள்வார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த சென்னம்மாள் கொட்டாங்குச்சியை வாங்கினாள். தொடாமல் அப்படியே அடுத்தவளிடம் தள்ளினாள். ஊறுகாய் கொடுத்ததற்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

சென்னம்மாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் அதிகம் பேசமாட்டாள், கை வேகம் என்பதுதான். புருஷன் பக்கத்துப் பண்ணையத்தில் ஆள்காரன். அவள் ஏன் உப்பைத் தள்ளினாள் என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அட, இது நன்றாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

மத்தியானத்துக்குப் பிறகு படித்தேன்: "அவள் எல்லாரையும்போல உண்பாள், உறங்குவாள். ஆனால் உப்பை மட்டும் தொடமாட்டாள். செத்தவளுக்கு உப்பு ஆகாது."

பேய்க்கு உப்பு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. அதனால் அது சட்டென்று பிடித்துக்கொண்டது. குப்பாயி என்ற சின்னப் பெண் கையிலிருந்த காயைக் கீழே போட்டாள். அங்காளம்மாள் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி வட்டத்தின் கடைசியைப் பார்த்தாள். நான் அதையும் பார்த்தேன். பயந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு நோட்டில் என் கையெழுத்து மிகவும் பெரிதாக இருந்தது.

நாலு நாளில் வட்டம் மாறிவிட்டது. சென்னம்மாளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் உட்காருகிற அளவு இடம் காலியாக இருந்தது. தண்ணீர்ப் பானையை அவள் தொட்டால் மற்றவர்கள் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு கொண்டுவந்தார்கள். முந்தானை முனையில் எல்லோரும் எதையோ முடிந்திருந்தார்கள். உப்பு என்று பிறகு தெரிந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். அவள் குனிந்த தலை நிமிராமல் உரித்தாள்.

ஆறாம் நாள் காலை நான் கிட்டங்கிக்குள் நுழையும்போது சென்னம்மாள் வாசலில் எனக்காக நின்றாள். நாலடி தள்ளி அங்காளம்மாளும் இன்னும் இருவரும் நின்றார்கள். மச்சானும் தராசுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"வாத்தியாருங்க," என்றாள், "ஒண்ணு கேக்கோணுமுங்க."

"என்ன?"

"உப்புத் தொடாதவ பேயின்னு நீங்க படிச்சீங்களே. அது நெசமாவே பொஸ்தகத்துல இருக்குதுங்களா சாமி? கதைக்குன்னு யாராச்சும் சேத்துச் சொன்னதுங்களா?"

சந்தேகமாகக் கேட்கவில்லை. கெஞ்சிக் கேட்டாள். இல்லை என்று சொல்லுங்கள் என்று அவள் முகமே சொல்லிற்று. இல்லை என்று சொல்ல எனக்கு என்ன செலவு? ஆனால் சொன்னால், ஐந்து நாளாக நான் படித்ததெல்லாம் கட்டுக்கதை என்று ஆகிவிடும். அங்காளம்மாள் சிரிப்பாள். மச்சான் ஊர் முழுக்கச் சொல்வார். படிக்கத் தெரியாதவன் என்றுகூட நினைப்பார்கள். இவை ஒவ்வொன்றும் அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசில் ஓடிற்று. ஆகையால் தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

"இருக்கிறது. அச்சில் இருப்பதைத்தானே படிக்கிறேன்?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

"சரீங்க சாமி" என்றாள்.

அன்று மத்தியானம் கொட்டாங்குச்சி அவள் பக்கம் போகவில்லை. அவளே எழுந்து வந்தாள். அங்காளம்மாள் முன்னால் இருந்த கொட்டாங்குச்சியை எடுத்து, ஒரு பிடி கல்லுப்பை அள்ளி வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க மென்றாள். கல் பல்லில் உடைகிற சத்தம் கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள்.

"பாத்துக்கங்க" என்றாள்.

பிறகு அங்காளம்மாள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நாங்க மடச்சிக, மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றாள். ஆளுக்கு ஆள் ஊறுகாய் கொடுத்தார்கள். கூழில் தாராளமாக உப்பைப் போட்டுக் கரைத்துக் கொடுத்தார்கள். அவள் எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டாள். வட்டம் பழையபடி நெருங்கி உட்கார்ந்தது.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. முள் தானாகவே உதிர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அன்றும் நோட்டை எடுத்து, "நல்ல கதை கேட்பவரைச் செயலில் இறக்கும், இன்று கண்ணால் கண்டேன்" என்று எழுதினேன். அந்த வரி என் கையெழுத்தில் இருக்கிறது. வேறு யார் எழுதியது என்று சொல்ல முடியும்?

மறுநாளிலிருந்து கொட்டாங்குச்சி அவளிடம் வரும்போதெல்லாம் எல்லோருடைய கண்ணும் கூட வரும். சந்தேகத்தினால் அல்ல, பழக்கத்தினால். அவள் தவறாமல் அள்ளிப் போட்டுக்கொண்டாள். மாசி பாதிக்குமேல் அவள் முகம் கொஞ்சம் உப்பலாகத் தெரிந்தது. சதை போட்டுவிட்டாள் என்று கேலி செய்தார்கள். பிறகு அவள் காலை நீட்டி உட்கார ஆரம்பித்தாள். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை.

சனிக்கிழமை அங்காளம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தவள் வெகுநேரம் ஒரு காயும் உரிக்கவில்லை.

"போன வருசமே அவளுக்கு நீரு வெச்சு ஒடம்பு வீங்கிச்சாமுங்க. பொழைக்க மாட்டான்னு இருந்தவளை ராசிவரத்து வைத்தியருதான் பொழைக்க வெச்சிருக்காரு. ஆடி வரைக்கும் உப்பே தொடப்படாதுன்னு பத்தியமாம். நோக்காடுன்னு தெரிஞ்சா இங்க வேலையில்லேன்னு போயிருமோன்னு யாருகிட்டயும் வாயத் தொறக்கலையாமுங்க." தலையில் அடித்துக்கொண்டாள். "இப்ப காலு ரெண்டும் தூணாட்டம் கெடக்குது. பாவி, நாங்க அள்ளி அள்ளிக் குடுத்தமே."

மச்சான் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். முந்தின வருஷம் இருமலுக்காக ஒருத்தியை வேலையிலிருந்து நிறுத்தியவர் அவர். அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

நான் மூட்டையிலிருந்து இறங்கினேன். "அது புத்தகத்தில் இல்லை. உப்பு, கிணறு எல்லாம் நானாகச் சேர்த்தது" என்றேன்.

அவர்கள் திட்டுவார்கள் என்று நினைத்தேன். காறித் துப்பினால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அங்காளம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"வாத்தியாருக்கு மனசு கேக்கல. நாங்க சங்கடப்படப்படாதுன்னு சொல்றாரு" என்றாள் மற்றவர்களிடம்.

"இல்லை, சத்தியமாக நான்தான்." புத்தகத்தைப் பிரித்து, அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டினேன். கோபுரம், கவுன், பெருமூச்சு.

"இப்பத் தாண்டித் தாண்டிப் படிக்கறீங்க" என்றாள் குப்பாயி மெதுவாக. "அன்னிக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு. இது நல்லாவே இல்லீங்களே."

அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. என் வாய்தான் அவர்களுக்குப் புத்தகம். அந்த வாய் சொன்ன பொய்யை அதே வாயால் அழிக்க முடியவில்லை. என் வாழ்நாளில் என் கதைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு குப்பாயி சொன்னதுதான். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சென்னம்மாள் வீட்டுக்கு நடந்தேன்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், அவள் சாகவில்லை. வைத்தியர் மறுபடியும் பார்த்தார். ஐப்பசியில் எழுந்து நடந்தாள். முன்போல உட்கார்ந்து வேலை செய்ய மட்டும் அப்புறம் அவளால் முடியவே இல்லை. சாகாததினால் என் குற்றம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் எடுபட்டதில்லை.

நான் போனபோது அவள் சுவரில் சாய்ந்து, கால்களைச் சாக்குமேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் அடையாளம் தெரியவில்லை. கண்கள் இரண்டும் கீறல் அளவுக்குத்தான் திறந்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"வாங்க சாமி. உக்காரச் சொல்லப் பலகைகூட இல்லீங்க" என்றாள்.

"வேண்டாம்" என்று நின்றேன்.

அவளே பேசினாள். "கதை முடிஞ்சுருச்சுங்களா? நான் இல்லாதப்ப முடிச்சுட்டீங்களோன்னு நெனச்சேன். அந்த உப்புத் தொடாத பொம்பளை கடைசீல என்னானாளுங்க?"

"அப்படி ஒருத்தி அந்தப் புத்தகத்தில் இல்லை, சென்னம்மா."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சேர்த்தேன். அவர்கள் பயப்பட வேண்டும் என்று."

அங்காளம்மாளைப்போல இவளும் நம்பாமல் போய்விடுவாளோ என்று ஒரு கணம் ஓர் அற்ப ஆசை எழுந்தது. இவள் நம்பினாள். நான் சொல்லி முடிக்கும்போதே நம்பிவிட்டாள்.

"உப்பைப் போயி எப்படீங்க உங்களுக்குச் சேக்கத் தோணுச்சு?" என்று கேட்டாள்.

அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். "நீ கொட்டாங்குச்சியைத் தள்ளினதைப் பார்த்தேன். அதைத்தான் எடுத்துக்கொண்டேன்."

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தாண்டிப் போகும்வரை அவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை.

"அன்னிக்கு வாசல்ல நின்னு உங்களைக் கேட்டனுங்களே, சாமி."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் வெகுநேரம் என் பதிலுக்குக் காத்திருந்தாள். வராது என்று தெரிந்ததும், "வெய்யலாகுதுங்க, போயிட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.